நாரிக்குள் ஒரு பற்றரி

இவரின் நாரி நோவுக்கு எங்கள் வீட்டில் குளிசையைவிடப் பற்றரிதான் பெரிய மருந்து. முள்ளந்தண்டின் உட்பக்கம் மெல்லிய வயர், இடுப்புத் தோலுக்குக் கீழே பற்றரி. சிறு மின்சாரம் நோவை அமத்தும். 1967இல் அமெரிக்க டொக்டர் நோர்மன் ஷீலி தொடக்கிவைத்த வைத்தியம் இது.

ஆறு மாதம் நாங்கள் நிம்மதியாக நித்திரை கொண்டோம். பிறகு காலுக்குப் போகவேண்டிய மின்சாரம் விலாவில் அடித்தது. குனிந்தால் துடித்துப்போவார். “பழகிவிடும்” என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தபோதுதான் வயர் நகர்ந்தது தெரிந்தது. இது அபூர்வமான காரியமும் அல்ல.

நோ என்று மட்டும் சொன்னால் பழைய நோ என்றே எழுதிக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், எந்த இடம், குனியவா படுக்கவா, கரண்ட் அடிப்பதுபோலவா என்று சொல்லுங்கள். கருவியின் இலக்கம் உள்ள அட்டையும் கையில் இருக்கட்டும், எம்.ஆர்.ஐ. எடுக்கமுன் காட்டவேண்டும். கருவியால் பாரதூரமான தீங்கு வந்தால், மருத்துவமனை 30 நாளுக்குள் ஹெல்த் கனடாவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 2019 டிசம்பர் முதல் சட்டம். நாங்களும் நேரே அறிவிக்கலாம்.

வயரைத் திருத்த நாள் தந்திருக்கிறார்கள். அதுவரை இவர் றிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறார். பக்கத்தில் நாங்களும் அரை நித்திரைதான்.