ஓய்வு என்றொரு சொல்

ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆழ்ந்து சிந்தித்தலைக் குறிக்கும் 'பாண்டர்', எடையிடுதல் என்னும் இலத்தீன் வேரினின்று பிறந்ததாம். பகுத்தறிவாளனுக்கேற்ற சொல்தான்! 'ஸ்டடி'க்கு வேர், ஆர்வம். மகிழ்ந்தேன். 'ஸ்கூல்' என்னும் சொல்லில் கை நின்றுவிட்டது. அதன் கிரேக்க மூலத்திற்குப் பொருள், ஓய்வு!

ஓய்ந்திருந்தவன் கற்றான், சரி. அவன் ஓய்ந்திருக்க உழைத்தவன் எவன், தோழா? ஏதென்சு நகரத்து அடிமை! சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்றெழுதினானே அரிஸ்டாட்டில், அந்த அறிஞனின் சிந்தனையும் அத்தகைய ஓய்வில் விளைந்ததே.

என் தந்தை பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவர், கைநாட்டு வைத்தவர். கிரேக்கன் கண்ட பொருளில் ஒருநாள் 'ஸ்கூல்'கூட அவருக்கு வாய்க்கவில்லை. எனக்குப் பத்தாண்டுகள் வாய்த்தன. நான் புரட்டிய அகராதியும் அவருடைய அறுவடைக் கூலியில் வாங்கியதுதான்.