கறிமிளகாயும் செம்மண்ணும்

சென்ற ஆண்டு, நெடுநாள் தரிசாய்க் கிடந்த நம் வளவின் பின்புறத்தே நாற்பது கறிமிளகாய்க் கன்றுகளை நட்டோம். மருதனார்மடம் சந்தையில் நாம் விலைகொடுத்து வாங்கும் காய் நம் கிணற்றடியிலேயே காய்க்கட்டுமே என்பது ஆசை. கல்லூரியிலே இரசாயனம் கற்பிக்கும் நமக்கு உரமிடுதல் ஒரு பெரிய காரியமா என்ற செருக்கும் இருந்தது.

ஒரு மாதமாகியும் கன்றுகள் வளர்ந்தபாடில்லை. இலைகள் கறுத்து, அடிப்புறம் ஊதா படர்ந்து நின்றன. பொசுபரசுக் குறைவென்று தீர்மானித்து, முச்சுப்பர் பொசுபேற்றை மண்ணின்மேல் தூவி நீர் பாய்ச்சினோம். பயனில்லை. அளவை இரட்டித்தோம், அப்போதும் அவ்வாறே.

அயல் தோட்டத்துப் பெரியவர் வேலியோரம் நின்று பார்த்தார்.

"குழை தாட்டனீரோ, தம்பி?"

"இல்லை, ஐயா."

"குழை இல்லாமல் உரத்தைக் கொட்டினால் மண் என்ன செய்யும்?"

நமக்குச் சுருக்கென்றது. வகுப்பிலே நாம் சொல்லும் பாடமே அது! இச்செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டினால் வந்தது. அவ்விரும்பு பொசுபேற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். அடியிலே சுண்ணாம்புக்கல், கிணற்று நீரோடு வரும் கல்சியமும் தன் பங்குக்குப் பிடித்துவைக்கும். பொசுபரசு நீரோடு ஓடும் பொருளுமன்று. மேலே தூவியது மேலேயே தங்கும், வேரை எட்டாது. புதைத்த குழை அழுகும்போது உண்டாகும் சேதன அமிலங்களோ, இரும்பின் பிடியிடங்களிலே தாம் அமர்ந்து, பொசுபேற்றைச் செடிக்கு விடுவிக்கின்றன.

எப்பாவலையில் 1971 இற் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறையை இடலாமே என்று நண்பரொருவர் கேட்டார். அது தேயிலை நிலத்தின் அமில மண்ணிலே மெல்லக் கரையும். நம் சுண்ணாம்பு நிலத்திற்கு ஒவ்வாது.

குழையொன்றே போதுமென்று வாதிப்பாரும் உளர். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும்வரை பட்ட பாட்டைப் பெரியவரிடம் கேட்டால் தெரியும். குழை தாட்ட தோட்டத்திலும் யூரியா இன்றி விளைச்சல் குறைந்ததென்று அவரே ஒப்புக்கொண்டார்.

இவ்வாண்டு நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே பூவரசங் குழையும் கிளிசரியாவும் வெட்டித் தாழ்த்தோம். இரண்டிரவு ஆட்டுப்பட்டியும் அடைத்தோம். பொசுபேற்றைச் சிறிதளவாக, வேர் செல்லும் ஆழத்திலே நடுகைக்கு முன் இட்டோம். கன்றுகள் இப்போது முழங்கால் உயரம், பூவும் கட்டியிருக்கிறது. மண்ணிலொரு பிடியைப் பரிசோதனைக்கு அனுப்பியுள்ளோம். முடிவு வரும்வரை எஞ்சிய உரப்பை கொட்டிலில் வாய்கட்டிக் கிடக்கிறது.