வாப்பாவின் 65-ஆம் வயதும் மெடிகேரும்

அமெரிக்காவுக்கு வந்து உழைத்த நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் முதல் தலைமுறையினர் இப்போது பணி ஓய்வு பெற்று வருகின்றனர். ஹஜ், ஊர்ப் பயணம், பிள்ளைகளின் நிக்காஹ் என எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கும் அவர்கள், மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று முடித்துவிடுகின்றனர். முயற்சிக்குப் பின்னரே தவக்குல் என்று நமக்குக் கற்பித்தவர்களும் அவர்களே.

2025-இல் எங்கள் வாப்பாவுக்கு 65 வயது நிறைந்தது. முந்தைய ஆண்டே வேலையை விட்டிருந்த அவர், நிறுவனத்தின் காப்பீட்டைத் தம் சொந்தப் பணத்தில் 'கோப்ரா' முறையில் நீட்டித்திருந்தார். அதுவே போதும் என்று எண்ணினார். ஆனால், கணவரோ மனைவியோ பணியில் இருக்கும்போது அப்பணியின் வழியே கிடைக்கும் காப்பீடுதான் மெடிகேரைத் தள்ளிப்போட இடந்தரும், கோப்ரா தராது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை ஏற்கெனவே பெறுபவர்களுக்குப் பதிவு தானாக நடக்கும். வாப்பா அதனை 67 வயதில் பெற எண்ணியிருந்ததால், தாமே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறந்த மாதம், அதற்கு முன் 3, பின் 3 என 7 மாதங்களே அவகாசம்.

செலவுதான் அவரைத் தயங்க வைத்தது. 10 ஆண்டுகளுக்கு மேல் மெடிகேர் வரி செலுத்தியிருந்ததால், மருத்துவமனைச் சேர்க்கைக்கான 'ஏ' பகுதிக்கு மாதக் கட்டணமில்லை. வேலைக்கே போகாத உம்மாவுக்கும் 65 வயதில் வாப்பாவின் கணக்கின் வழியே அது கிடைக்கும். மருத்துவர் செலவுக்கான 'பி' பகுதிக்கோ அவ்வாண்டில் மாதம் 185 டாலர். "நோயே இல்லாதவனுக்கு எதற்கு?" என்றார் வாப்பா. இரண்டாண்டு தாமதித்தால் 20 விழுக்காடு, அதாவது அன்றைய கணக்கில் மாதம் 37 டாலர், வாழ்நாள் முழுவதும் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினோம். நெடுநேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, "பிள்ளைகள் மேல் சுமையை வைத்துவிட்டுப் போகக் கூடாது" என்று கூறி விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னார்.

மெடிகேர் எல்லாவற்றையும் தாங்குவதில்லை. அவ்வாண்டில் 'பி' பகுதிச் செலவில் முதல் 257 டாலரும், அதன்பின் பொதுவாக 20 விழுக்காடும் நம் பொறுப்பு. மக்காவிலோ ஊரிலோ நோயுற்றால் பொதுவாக அது உதவாது; 'மெடிகேப்' எனும் துணைக் காப்பீட்டின் சில திட்டங்கள் மட்டும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சையில் ஒரு பங்கை ஏற்கும். 65 வயதுக்குப் பின் 'பி' பகுதி தொடங்கிய 6 மாதங்களுக்குள் மெடிகேப் கேட்டால், நோயைக் காட்டி மறுக்க இயலாது.

நம் பெரியவர்கள் பலருக்குச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி வேறு, பெற்றவர்கள் சொன்ன தேதி வேறு. அரசு கணக்கிடுவது ஆவணத்தில் உள்ளதையே. அந்த மாதத்தை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.