கருப்பைப் பார்த்த கறுப்புச் சட்டைக்காரர்

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமான செய்தி வந்த அன்று, என் மருமகள், "மாமா, உங்க விடாது கருப்பு எழுதினவர் போயிட்டாராம்" என்றாள். உடனே என் நினைவுக்கு வந்தது எங்கள் எதிர் வீட்டு நண்பரின் முகம்தான். அன்றிலிருந்து எழுத நினைத்து, இப்போதுதான் உட்காருகிறேன்.

அத்திப்பட்டு என்றதும் 'சிட்டிசன்' படத்து ஊரா என்று கேட்பவர்கள் உண்டு. அது அத்திப்பட்டி, கதைக்காக உண்டாக்கிய ஊர். எங்கள் ஊர் நிலக்கரித் தூசியோடு இன்னும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் நிற்கும், அவ்வளவுதான் அதன் பெருமை.

1997-இல் சன் டிவியில் 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' வந்தது. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். தப்பு செய்தவனை ராத்திரியில் குதிரையில் வந்து தண்டிக்கிற கருப்பசாமி. அது சாமியா, ஆளா என்று கண்டுபிடிக்க அலைகிறவர்கள். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்தார்கள், பிறகு நிஜத்திலும் தம்பதி ஆனார்கள். வாரம் ஒரு முறை அந்த நேரத்துக்குத் தெருவில் ஆள் இருக்காது.

நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார். வருஷம் முழுக்கக் கறுப்புச் சட்டை. கூட்டங்களில் பேய், பிசாசு, ஜோசியம் எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுவார். "மூடநம்பிக்கைய எப்படிப் பரப்புறான்னு பாக்கத்தான் வரேன்" என்பார். ஆனால் விளம்பர இடைவேளையில்கூட எழுந்து போகமாட்டார். நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் என்னைப் 'பாண்டி' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஊரிலும் கருப்பு வந்துவிட்டது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் சரக்கு ரயில்கள் சிக்னலுக்காக நிற்கிற இடத்தில், நடுராத்திரியில் ஒரு வெளிச்சம் தரையோடு தரையாக நகரும், நிற்கும், காணாமல் போகும். கருப்பு என்றார்கள் பிள்ளைகள். கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள் பெரியவர்கள். நண்பர், "சதுப்பு நிலத்து வாயுப்பா, தானா எரியும்" என்றார். பிரெஞ்சில் இதற்கு 'ஃபே ஃபொல்லே' என்று பெயர், கிறுக்குத் தீ என்று அர்த்தம் சொல்லலாம் என்றேன். "அப்ப வா பாண்டி, அந்தக் கிறுக்கப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

போனோம். அவர் கையில் டார்ச், என் சட்டைப்பையில் மனைவிக்குத் தெரியாமல் எடுத்துவந்த விபூதிப் பொட்டலம். ஒரு மணி இருக்கும். கருவேலம் புதர் ஓரமாக வெளிச்சம் வந்தது. எனக்குக் கால் ஓடவில்லை. அவர் டார்ச்சை அடித்தார்.

எங்கள் பின் தெருவில் இருந்த ஒரு பெண். புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோணிப்பையில் வண்டியிலிருந்து சிந்திய கரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு வயது மகன், ஒரு பக்கம் சாக்குத் துணி சுற்றிய அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்து அவள் ஓடவில்லை. "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. டீக்கடை அடுப்புக்குத்தான் போடுறேன்" என்றாள். நண்பர் டார்ச்சை அணைத்துவிட்டார்.

மறுநாள் காலை டீக்கடையில் பையன்கள் பத்துப் பதினைந்து பேர், கம்பு, டார்ச் சகிதம் அன்று ராத்திரி போவதாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பர் கிளாஸைக் கீழே வைத்தார். "போவாதீங்கப்பா. நேத்து நானே போய்ப் பாத்தேன். குதிரைச் சத்தம் கேட்டுது. இதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

கடையில் சத்தமே இல்லை. எத்தனை மேடையில் பேயைக் கிழித்த மனுஷன்! ஒரு பையனும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் என் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவரைக் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிடுவது நின்றது. அவருடைய தோழர்களே முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள். அவர்களுக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "நாலு பேருக்குச் சொன்னா நாப்பது பேருக்குப் போவும் பாண்டி. பேய்னா பயந்து ஒதுங்குவான். ஒரு பொம்பள தனியா வரான்னு தெரிஞ்சா?" என்றார்.

பேயைப் பார்த்தேன் என்று நான் சொல்லியிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. விபூதி பூசுகிற குமாஸ்தாவை யார் கேலி செய்யப்போகிறார்கள்? ஆனால் நான் சொல்லி யாரும் பயந்திருக்கவும் மாட்டார்கள் என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கூட நானும் போனேன் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லவில்லை.

தொடரின் முடிவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கருப்பு என்று ஊரே நடுங்கியது, மனம் இரண்டாகப் பிளந்த ஒரு சாதுவான மனுஷன்தான். என் மனைவி சிரித்துக்கொண்டே, "அண்ணா, இது மனுஷனாம். நீங்க பாத்தது?" என்று கேட்டாள். அவரும் சிரித்தார். "எனக்கு வேற கருப்பும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவளிடமும் நான் சொல்லவில்லை.

2011-இல் அவர் இறந்தபோது கறுப்புச் சட்டையோடுதான் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "நல்ல மனுசன், நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டாரு" என்றார். பக்கத்தில் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் மகன் வளர்ந்து ஆளாகியிருந்தான். சுடுகாடு வரை பாடையை விடாமல் சுமந்தான். ஏன் இவன் இப்படி அழுகிறான் என்று ஊருக்குப் புரியவில்லை.

அவன் அம்மா இப்போது இல்லை. போன மாதம் போனில் கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றான்.

நண்பரின் தோழர்களில் இரண்டு பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஐயா, அன்று ராத்திரி நானும் கூட இருந்தேன். குதிரை எதுவும் வரவில்லை. அவர் தடுமாறவும் இல்லை.