திருநீர்மலைக்கு இரண்டு பயணம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை மலைக்கு அழைத்துச் செல்வது சாமான்யமான காரியமா? "அரை நாள் நடைதானே, நீங்களும் துணைக்கு வாருங்கள்" என்றார் ஆசிரியை அம்மாள். என் தம்பி மகன் அந்த வகுப்பில் படிக்கிறான், மறுக்க முடியவில்லை.

தாம்பரத்தில் காலை ஆறு மணிக்கு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. எல்லோரும் வந்து சேர ஏழரை ஆயிற்று. குரோம்பேட்டையில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தோம். முன்னால் ஓர் ஆசிரியர். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் ஆசிரியை; அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பிள்ளைகள் இருவர் இருவராக, ஒருவருக்கு ஒருவர் காவல். மெள்ள நடக்கும் பிள்ளையின் வேகமே எல்லோருக்கும் வேகம். இவ்வளவுதான் சட்டம்.

வழியில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று பச்சை நீருடன் பளபளத்தது. "டீச்சர், கால் மட்டும் நனைத்துக்கொண்டு வருகிறோமே!" என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். "கூடவே கூடாது" என்றார் அம்மாள்.

சென்னையின் தென்புறத்தில் இத்தகைய பள்ளங்கள் பல உண்டு. ஏரியில் இறங்கினால் ஆழம் படிப்படியாக வரும். குவாரியிலோ கரையை விட்ட மறு அடியே பாதாளம். ஏறப் பிடிப்பும் இல்லை. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் சிக்கராயபுரத்துக் கல்குட்டைகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக அனுப்பினார்கள் என்றால், அவற்றின் ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஒருவன் விழுந்துவிட்டால் நீந்தத் தெரியாத நண்பன் உடனே குதிக்கிறான். ஓர் உயிர் போகவேண்டிய இடத்தில் இரண்டு போகிறது. கயிறோ துண்டோ வீசுவதும், பெரியவர்களைக் கூவி அழைப்பதுமே சரியான உதவி.

குவாரியைக் கடந்ததும் அம்மாள் எண்ணினார். முப்பத்தொன்பது! மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பதுதான். என் அடிவயிறு கலங்கிற்று. திரும்பி ஓடினோம். ஒரு சிறுவன் பாறை விளிம்பில் குனிந்து, காலிப் புட்டியில் தண்ணீர் மொள்ள முயன்றுகொண்டிருந்தான். பாவம், தாகம்! அம்மாள் அவனைத் திட்டவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்து, தம்முடைய தண்ணீரைக் கொடுத்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

மலையடிவாரம் சேர்ந்தபோது மணி பத்தரை. வெயில் ஏறிவிட்டது, செருப்பில்லாமல் படியேற வேண்டும், தண்ணீரும் குறைந்துவிட்டது. "இன்று மேலே போக வேண்டாம்" என்றார் அம்மாள். பிள்ளைகள் முகம் சுண்டிற்று. சிலர் அழுதே விட்டார்கள். கீழேயுள்ள நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம்.

அப்போது அம்மாள் ஸ்தல வரலாறு சொன்னார். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். ஆழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகே பெருமாளைச் சேவித்தாராம். "ஆழ்வாரே ஆறு மாதம் காத்திருந்தார், நாம் சில வாரம் காத்திருக்கக் கூடாதா?" என்றார். அழுத பிள்ளைகள் சிரித்தார்கள்.

எனக்குக் குரங்கணி நினைவு வந்தது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்து அந்த மலையில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத் தீ, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வாண்டே அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. ஆனால் வெயிலையும் காற்றையும் மணியையும் பார்த்து, "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவை எந்த விதியும் ஒருவருக்குக் கொடுத்துவிட முடியாது.

மார்கழியில் மறுபடி போனோம். இம்முறை ஆளுக்கு இரண்டு புட்டி தண்ணீர். குவாரிப் பக்கம் போகாமல் வேறு வழி. பெற்றோரின் தொலைபேசி எண் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான அம்மலைக்குப் போகுமுன், ஆபத்தில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணும் 108தான் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்தார்கள்!

எட்டு மணிக்கெல்லாம் உச்சியில் நின்றோம். கிழக்கே மீனம்பாக்கத்து விமானங்கள். கீழே ஏரிகளும் கல்குட்டைகளும் கண்ணாடித் துண்டுகள் போல. பிள்ளைகள் அழகை ரசித்தார்கள். அம்மாள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்பது.