பிறைவடிவப் பலகாரம்

பால்டிக் கடலோரத்துச் சிறு நாடாகிய லத்வியாவில் 'பீராகி' இல்லாத குடும்ப விழாவைக் காண்பது அரிது. பாலும் வெண்ணெயும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்து பொங்க வைத்த கோதுமை மாவை வட்டமாக்கி, நடுவே பூரணம் வைத்து, நம் சோமாசியைப் போல மடித்து ஓரங்களை அழுத்திப் பிறையாக வளைப்பர். பூரணம் இனிப்பன்று, புகையூட்டிய பன்றியிறைச்சியையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது. மேலே முட்டை பூசிப் பொன்னிறமாகச் சுட்டெடுப்பர்.

சிறு பண்டமாதலால் ஒரு விருந்துக்கு ஏராளமாகச் செய்தாக வேண்டும். தனியொருவர் செய்வதாயின் பொழுது போதாது. பாட்டி மாவைத் தேய்க்க, தாய் பூரணம் வைக்க, பிள்ளைகள் ஓரங்களை அழுத்துவர். சரியாக மூடாவிடில் கொழுப்பு வழிந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் கைப்பழக்கத்தாலேயே கற்றுக்கொள்கின்றனர்.

கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புப் பெருவிழா, ஜூன் 24 புனித திருமுழுக்கு யோவான் விழாவையொட்டிய நடுக்கோடை இரவு, திருமணம் ஆகியவற்றோடு, அடக்கச் சடங்குக்குப்பின் உறவினர் கூடும் பந்தியிலும் இது இடம்பெறுகிறது. நாமவிழாவிலோ விருந்தினர் அழைப்பின்றியே வரலாம் என்பது அந்நாட்டு வழக்கம். எத்தனை பேர் வருவரென்று அறியாத இல்லத்தரசிக்குத் தட்டு நிறைந்த பீராகியே துணை.

இந்நாட்டை 1940-இல் சோவியத் ஒன்றியம் கைப்பற்றியது. அடுத்து வந்த ஜெர்மானியர் ஆட்சிக்குப்பின் மீண்டும் சோவியத் ஆட்சியே நிலைத்தது. 1949 மார்ச்சில் மட்டும் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். போரின் இறுதியில் தப்பியோடியவர்கள் பலர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடியேறினர். தாயகத்தில் கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறையும் இழந்தது. மக்கள் அதனை வீட்டுக்குள்ளேயே போற்றிக் காத்தனர். 1991-இல் விடுதலை மீண்டது. அயல்நாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் சிலருக்குத் தாய்மொழி மறந்தது. பீராகி மடிக்கும் கை மட்டும் மறக்கவில்லை.

இதனை எண்ணும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. மொழி போனபின் எஞ்சும் பலகாரம் போதுமா? போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அது வெறும் நாச்சுவையுமன்று. 'பீராகி' என்னும் பெயரே ரஷ்ய மொழியிலிருந்து வந்தது. ஆட்சியால் அவ்வளவு துன்புற்றும், எந்தத் தாயும் அப்பெயரை அடுப்பங்கரையிலிருந்து விரட்டவில்லை. பகைமையைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமல் நினைவை மட்டும் ஊட்டுவது பெரும் அறமல்லவா?

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்றது இரண்டாம் வத்திக்கான் சங்கம். திருச்சபையின் நடுவே பலிமேடை இருப்பதுபோல, இல்லத்தின் நடுவே பந்தி இருக்கிறது. விழாப் பலகாரங்களைக் கடையில் வாங்கிக்கொள்வது இன்று நமக்கு எளிது, காலமும் மிச்சமாகும். ஆனால், அம்மிச்சக் காலத்தில் பாட்டியருகே அமர்ந்து கதை கேட்கும் பிள்ளை எத்தனை பேர்? வரும் விழாவுக்குமுன் ஒரு மாலைப் பொழுதையேனும் நம் வீட்டு அடுப்பங்கரைக்கு ஒதுக்குவோம். பிள்ளைகள் செய்பவை கோணலாக இருப்பினும், அவற்றையே முதலில் பந்தியில் வைப்போம்.