ஆறா, ஏழா?

மக்களின் மேற்படிப்பைப் பற்றிச் சங்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

மும்பை மாதுங்காவில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருபது ஆண்டுகளாக உழைத்து வருகிறேன். இரண்டாண்டுப் பட்டயப் படிப்போடு நின்றுவிட்டவன் நான். என் மகளோ மருத்துவமனையில் நோயாளிகளின் அருகிருந்து பணிபுரிய விரும்பி, பார்ம்.டி. பட்டத்தை நாடினாள். இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, மகாராட்டிரப் பொது நுழைவுத் தேர்வும் எழுதினாள்.

2008ஆம் ஆண்டு விதிகள் இரு வழிகளை வகுத்துள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே சேர்ந்தால், ஐந்தாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஆறு ஆண்டுகள். நான்காண்டு பி.பார்ம். முடித்துச் சேர்ந்தால் மேலும் மூன்று, ஆக ஏழு. இப்பிரிவில் ஒரு கல்லூரிக்குப் பத்து இடங்களே உண்டு. ஆகவே ஆறாண்டு வழியையே வற்புறுத்தினேன். ஓராண்டுச் செலவும் மிச்சமல்லவா?

அவள் அமைதியாகச் சொன்னாள்: "அப்பா, சென்ற ஆண்டு நீங்கள் மூன்று மாதம் படுக்கையில் இருந்தீர்கள். ஆறாண்டுப் படிப்பை நடுவில் விட நேர்ந்தால் கையில் ஒரு பட்டமும் இராது. நான்காண்டில் பி.பார்ம். கிடைத்தால், வேண்டுமானால் வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைக்கலாம். பிறகு மேலே படிக்கிறேன்."

என் நோய் அவள் மனத்தில் இவ்வளவு ஆழப் பதிந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. இவ்வாண்டு பி.பார்ம். வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

உறவினர் துணையின்றி வெளியூரில் வாழும் நாம், படிப்பின் காலத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. இடையில் நிற்க நேர்ந்தால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதையும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.